"முழங்கால் வலிக்குது, இதோட நிறுத்திடலாமா மேடம்?"

விளையாட்டில் அடிபட்டு வருபவர்களுக்கு பிசியோதெரபி செய்வது என் வேலை. பையனைக் கூட்டி வரும் பெற்றோர் உட்கார்ந்ததுமே, "எப்போ மறுபடி ஆடலாம்?" என்பார்கள். அதே அடியோடு பெண் பிள்ளை வந்தால், "இதோட நிறுத்திடலாமா மேடம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. பிள்ளை வாயே திறக்காமல் தன் காலில் கட்டியிருக்கும் கிரேப் பேண்டேஜையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கேள்விக்கு நான் ஏறக்குறைய எப்போதும் சொல்லும் பதில், "நிறுத்த வேண்டாம்."

ஆறாம் வகுப்பில் பள்ளி அணியில் ஓடிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளில் பலர் வயதுக்கு வந்தபின் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. வெயிலில் கறுத்துவிடுவாள், கைகால் முரடாகிவிடும், பத்தாம் வகுப்பு வருகிறது என்று வீட்டில் காரணங்கள் இருக்கும். சில அம்மாக்கள் குரலைத் தாழ்த்தி, "ரொம்பக் குதிச்சா கர்ப்பப்பை இறங்கிடுமா?" என்று கேட்பார்கள். வளரும் பெண் விளையாட்டில் ஓடிக் குதிப்பதால் அப்படி எதுவும் ஆகாது. மாதவிடாய் நாட்களிலும் உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக ஆடலாம். உண்மையில் குதிக்க வேண்டிய வயதே இதுதான். ஒரு பெண்ணின் எலும்பு வலுவில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. ஓட்டமும் குதிப்பும் அதைக் கூட்டும். ஐம்பது வயதுக்கு மேல் எலும்பு தேயும்போது அந்தச் சேமிப்பு கைகொடுக்கும்.

சரி, முழங்காலுக்கு வருவோம். 10 முதல் 14 வயதுக்குள் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் சிறு புடைப்பு போல வீங்கி, தொட்டால் வலிப்பதுண்டு. வேகமாக வளரும் வயதில் தொடைத் தசை அந்த இடத்தை இழுப்பதால் வருவது. ஓட்டத்தையும் குதிப்பையும் வலி தாங்கும் அளவுக்குக் குறைத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். விளையாட்டையே விட வேண்டியதில்லை.

நான் உண்மையாகக் கவலைப்படுவது 14 வயதுக்கு மேல் வரும் ஜவ்வுக் கிழிசலைப் பற்றி. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு, ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேலாகக் கிழிகிறது. யாரும் மோத வேண்டியதில்லை. கபடியில் ரெய்டு போனவள் சட்டென்று திரும்புவாள், வாலிபாலில் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவாள். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும். அப்படி ஆனால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஐஸ் வைத்து, காலை ஊன்றவிடாமல், எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கிழியாமல் பார்த்துக்கொள்ளவும் வழி உண்டு. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். முழங்கால் உயரத்தைத் தாண்டாத ஒரு படியிலிருந்து மகளை இரண்டு காலும் சேர்த்துக் கீழே குதிக்கச் சொல்லி, முன்னால் நின்று போனில் வீடியோ எடுங்கள். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், இறங்கும் நொடியில் முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிறதா என்பது தெரிந்துவிடும். சாய்ந்தால், இடுப்புத் தசையும் பின்தொடையும் வலுப்பட வேண்டும் என்று அர்த்தம். ஸ்குவாட், ஒற்றைக் காலில் நின்று பந்து பிடிப்பது, முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்குவது ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். "சத்தம் வராம இறங்கு" என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய '11+' என்ற 20 நிமிட வார்ம்அப் இதற்காகவே அமைந்தது. வாரத்தில் இரண்டு முறையாவது விடாமல் செய்த அணிகளில் காயங்கள் குறைந்திருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் அடுத்து கேட்பது, "காலையில என்ன சாப்பிட்ட?" அஞ்சரை மணிப் பயிற்சிக்கு ஒரு டீயோடு கிளம்பிவிடுகிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "முன்ன மாதிரி ஓட மாட்டேங்குறா, சோம்பேறி ஆயிட்டா" என்று திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்க வேண்டும். பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ கொடுங்கள். முடிந்து வந்ததும் முட்டையோ சுண்டலோ சேர்த்து வயிறு நிறையச் சாப்பாடு. டீ, காபி சாப்பாட்டோடு வேண்டாம், இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் நல்லது. முட்டை முதலில் தம்பி தட்டுக்குப் போகிற வீடுகள் இன்னும் இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இன்னொன்று. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் நின்றுபோனால், "பயிற்சி ஜாஸ்தி, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் அதுவும் ஒன்று. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கென்று ஒரு பெயர் கொடுத்து எச்சரித்தது. அதோடு எலும்பும் பலவீனமாகி, கணுக்காலுக்கு மேலே எலும்பில் நுண்ணிய விரிசல் விழலாம். 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும். அம்மாவிடம் பேசும் பழக்கம் இருந்தால்தான் இதெல்லாம் வெளியே வரும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு வாங்கிக் கொடுப்பதிலிருந்து அந்தப் பேச்சைத் தொடங்கலாம். அது இல்லாமல் கூச்சப்பட்டே ஓட்டத்தை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பயிற்சி நேரத்துக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: வயது எவ்வளவோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 12 வயதுப் பிள்ளைக்கு 12 மணி நேரம். வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு. பயிற்சியாளரை மதிக்கலாம், ஆனால் அவர் தனியாக மெசேஜ் அனுப்புவதோ தனியாக அழைப்பதோ கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏதாவது உறுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

அப்புறம், வீட்டார். மதுரை சக்கிமங்கலத்தின் ரேவதி வீரமணி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், கூலி வேலை செய்த பாட்டி வளர்த்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பயிற்சிக்கு அனுப்பத் தயங்கிய பாட்டி பிறகு சம்மதித்ததால்தான் அது நடந்தது. ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல்லின் அம்மா சூசன் இந்தியாவுக்காக கிரிக்கெட் ஆடியவர். அம்மா வியர்த்து விறுவிறுத்து ஆடுவது இயல்பாக இருக்கும் வீட்டில், மகள் ஆடுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தோற்றுவிட்டு வரும் நாளில் பைக்கில் பின்னால் உட்காரவைத்து அப்பாக்கள் நடத்தும் ஆட்ட ஆய்வு வேண்டாம். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும். ஆட்டத்தைப் பற்றி அவளே பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஆடுங்கள் என்று நான் சொன்னால் அம்மாக்கள் சிரிப்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பள்ளியில் எறிபந்து ஆடினேன், வளையப்பந்தில் மாவட்டம் வரை போனேன் என்று வரும். பக்கத்தில் இருக்கும் மகளுக்கு அதுவரை அது தெரிந்தே இருக்காது. ஒரு ரப்பர் வளையம் பெரிய விலை இல்லை, மொட்டை மாடியோ தெருவோ போதும். நாற்பது வயதில் மறுபடி தொடங்குகிற அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை: செருப்போடு ஆடாதீர்கள், ஷூ போடுங்கள். முதல் இரண்டு வாரம் நின்ற இடத்தில் பத்து நிமிடம் பிடித்து எறிந்தால் போதும். அதற்கு முன் மகளிடமே வார்ம்அப் கற்றுக்கொள்ளுங்கள்.