பீச் மரம் கட்டிதான் தம்பி, ஆனால் தண்ணீர் குடிக்கும்

பெப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, கடை நிரம்பி வழிகிற நேரம். ஒரு தம்பி தானே வீட்டில் செய்த ஸ்கீ சோடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அண்ணை, ஓரம் கொஞ்சம் தூக்கிட்டுது. ஒட்டித் தரேலுமோ?"

கொஞ்சம் அல்ல. சப்பாத்தைப் பூட்டுகிற பைண்டிங்குக்குக் கீழே, முழுப் பாரமும் இறங்குகிற இடத்தில், ஸ்கீயின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் மரப் பக்கப்பட்டிக்கும் உருக்கு விளிம்புக்கும் நடுவே என் விசிட்டிங் கார்ட் ஒரு சாண் நீளத்துக்குத் தடையில்லாமல் போய்வந்தது. மரம் சாம்பல் நிறமாகியிருந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்தேன். செய்யும்போது பட்டி 11 மில்லிமீற்றர் உயரம் என்றார், இப்போது 11.6.

"என்ன மரம்?"

"பீச். நகம்கூட இறங்காது, அமத்திப் பாருங்கோ."

இந்தக் குளிர்காலத்தில் இது நாலாவது சோடி. இரண்டு பீச், ஒன்று ஆஷ், ஒன்று மேப்பிள். நாலு பேரும் சொன்னது ஒரே வசனம்: "நல்ல கட்டி மரம்தானே." சுவிஸின் பேர்னர் ஓபர்லாண்டில் பதினாலு வருடமாக ஸ்கீ பழுதுபார்க்கிறேன். அந்த வசனத்தை இனியும் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான், வீட்டில் ஸ்கீ செய்து பக்கப்பட்டிக்கு மரம் தேடுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

கட்டி வேறு, நீடித்து உழைப்பது வேறு. கட்டி என்பது அடியைத் தாங்குவது. கல்லில் உரசினால் பள்ளம் விழாது, மற்றக் கால் ஸ்கீயின் விளிம்பு வெட்டினால் சிராய் கிளம்பாது. அது வேண்டும்தான், ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி, தண்ணீரில் அந்த மரம் எப்படி நடந்துகொள்கிறது என்பது. ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 350 மரங்களை அழுகல் தாங்கும் திறன்படி 1 முதல் 5 வரை வகுக்கிறது, 1 சிறந்தது. பீச், ஆஷ், மேப்பிள் மூன்றுக்கும் இடம் 5, கடைசி வாங்கு. பழைய காலத்து ஸ்கீகளுக்குப் பேர்போன ஹிக்கரி இவை எல்லாவற்றையும் விடக் கட்டி; அதுவும் ஈரத்தில் நிற்காது. அந்தக்காலத்தில் ஒவ்வொரு பருவமும் தார் காய்ச்சிப் பூசினார்கள். நீங்கள் பூசுவீர்களா?

உங்கள் பட்டி அழுக வருடக்கணக்காகும். வீங்க ஒரு கிழமை போதும். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை பீச் வளையங்களின் திசையில் ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்கும். றொபீனியா 7 சதவீதத்தை ஒட்டி, தேக்கு 6க்கும் உள்ளே. சுருங்குகிற மரம் அதே கணக்கில் வீங்கவும் செய்யும். அந்த 0.6 மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? எபொக்சிப் பசையைக் குறை சொல்லாதீர்கள்.

என் சொல்லை நம்பவும் வேண்டாம். விரல் நீளத் துண்டொன்றை வெட்டி, அளந்து, பென்சிலால் எண்ணை எழுதி, இரவு முழுக்கத் தண்ணீர்க் கிளாசில் போடுங்கள். காலையில் திரும்ப அளந்து பாருங்கள். செலவு பூச்சியம்.

ஊர்த் தச்சர்களுக்கு இதெல்லாம் பாடம் இல்லாமலே தெரியும். முதிரை மரத்தில் கதவு போடும்போது வைரத்தை, அதாவது உள் மரத்தை, எடுத்து, பட்டைக்கு அடுத்த வெள்ளையைக் கழித்துவிடுவார்கள். இங்கும் அதேதான். மேலே சொன்ன வகுப்பெல்லாம் வைரத்துக்கு மட்டும். எந்த மரமானாலும் வெள்ளைப் பகுதி 5தான். வெள்ளை ஓடிய றொபீனியாப் பட்டி பெயருக்குத்தான் றொபீனியா.

நான் கைகாட்டுவது அந்த றொபீனியாவைத்தான். வகுப்பு 1-2, கட்டியும் பீச்சுக்குக் குறைவில்லை, ஐரோப்பாவிலேயே வளர்கிறது, ஹங்கேரியில் காடு காடாக. மரக்கடையில் 'அக்காசியே' என்றும் சொல்லுவார்கள். குழம்ப வேண்டாம், ஆனால் உறுதிப்படுத்துங்கள். கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதா விளக்கை அடித்தால் வைரம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். அடுத்தது வெள்ளை ஓக். அதன் நுண்குழாய்கள் அடைத்திருக்கும். சிவப்பு ஓக்கில் திறந்திருக்கும். சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையைச் சவர்க்காரத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். அதைப் பட்டியாகப் போடுவது உறிஞ்சுகுழாய் போடுவதற்குச் சமம். ஓக் போட்டால் உருக்கு விளிம்பு தொடும் இடம் ஈரத்தில் நீலக்கறுப்பாகும். அது கறை, பழுது அல்ல. பதறி என்னிடம் ஓடி வராதீர்கள்.

வாங்கும்போது வளையங்கள் பட்டியின் அகலப் பக்கமாகக் கிடக்கிறபடி, அதாவது உயரத்துக்கு வீக்கம் குறைகிறபடி அறுத்த பலகையைக் கேளுங்கள். நார் முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். முடிச்சு ஒன்றுகூட வேண்டாம். திராட்சைத் தோட்டத்துத் தூண்கள் மலிவாக வரும், றொபீனியாதான், ஆனால் பச்சை. ஈரமானி 10 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை வீட்டுக்குள் காயவிடப் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள்.

வெளித்தளம் போடுபவர்களிடம் மிஞ்சும் ஈப்பே துண்டுகளைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். இரும்பு மாதிரி மரம்தான். ஆனால் ஈப்பேயும் குமாரு என்ற மரமும் 2022இல் பனாமாவில் நடந்த, அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாட்டில் இரண்டாம் பட்டியலுக்குள் வந்து, 2024 நவம்பரிலிருந்து அனுமதிப் பத்திரத்தோடுதான் எல்லை கடக்கின்றன. ரோஸ்வூட் இனம் 2017இலேயே முழுக்க உள்ளே. எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்லாத மரத்தை வாங்காதீர்கள். சுவிஸில் மரத்தின் இனமும் பிறப்பிடமும் சொல்வது விற்பவரின் கடமை. கேட்பதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

எண்ணெய்ப் பிடிப்புள்ள மரங்களை, தேக்கு, ஈப்பே போன்றவற்றை, ஒட்டுகிற அன்றே உரசி, அசற்றோன் துணியால் துடைத்து, உடனே ஒட்டுங்கள். நேற்று உரசியது இன்று செல்லாது. இன்னொருவர் 'பாதுகாப்புக்காக' முதலில் ஆளிவிதை எண்ணெய் பூசிவிட்டுப் பிறகு ஒட்டினாராம். என்ன சொல்ல? ஒட்டு முதலில், பூச்சு கடைசியில். நார் முனை திறந்திருக்கும் இடங்களுக்கு, நுனிக்கும் வாலுக்கும், மெல்லிய எபொக்சியை அது குடிக்கிற மட்டும் கொடுங்கள்.

தூசு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியான பட்டியலில் இருக்கிறது. மூக்கைத்தான் பிடிக்கும், ஓக், பீச் தூசில் வேலை செய்தவர்களிடம் அதிகம் கண்டிருக்கிறார்கள். கெல்லரில், அதாவது நிலவறையில், கதவைச் சாத்திக்கொண்டு, துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உரச வேண்டாம். நுண்தூசைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 முகக்கவசம், உறிஞ்சும் இயந்திரம், தனி உடுப்பு. பிள்ளைகளின் சைக்கிள் நிற்கிற அறை அது.

ஓடிவிட்டு வந்தால் ஸ்கீயைத் துடைத்துக் காற்றாட நிறுத்துங்கள், ஈரப் பைக்குள் போட்டு மூடாதீர்கள். அந்தத் தம்பியின் சோடியை நான் அன்று ஒட்டவில்லை. ஈர மரத்தில் ஒட்டிக் காசு வாங்க எனக்கு மனமில்லை. மூன்று கிழமை காயவைத்துக் கொண்டுவரச் சொன்னேன்; முகம் சுருங்கித்தான் போனார்.

ஒன்று மட்டும். விளிம்பு தீட்ட எந்தக் கடையில் கொடுத்தாலும் 'பக்கப்பட்டி மரம்' என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பிளாஸ்டிக் பட்டியைச் சீவுகிற மாதிரியே சீவி உங்கள் பூச்சை ஒரே இழுப்பில் எடுத்துவிடுவோம். சொன்னால் சீவின கையோடு திரும்பப் பூசித் தருகிறோம், பத்து நிமிட வேலை.