ஊசித் துளையின் புத்தி

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய உறவினர் நடத்தும் கல்யாண மண்டபத்தில் போன ஆவணியில் ஹோமம் வளர்த்திருக்கிறார்கள். குண்டத்துக்கு நேர் மேலே, கூரையில், வெள்ளையாக வட்டமாக ஒரு தீ டிடெக்டர். முக்கால் மணி நேரம் நெருப்பு எரிந்தும் அது மூச்சு விடவில்லையாம். “கெட்டுப்போன சாமானை மாட்டி ஏமாற்றிவிட்டார்களா?” என்று கேட்கிறார். கூடவே ஒரு படம்.

படத்தைப் பார்த்ததும் பாதி விடை தெரிந்துவிட்டது. அது புகையைப் பிடிக்கும் டிடெக்டர் இல்லை, வெப்பத்தைப் பிடிக்கும் ஹீட் டிடெக்டர். புகை டிடெக்டர் தனக்குள் ஒரு ஒளிக்கற்றையை வைத்துக்கொண்டு, புகைத்துகள் அதைச் சிதறடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். சாம்பிராணி போட்டாலே கத்தும். அதனால் சமையலறை, ஜெனரேட்டர் அறை, ஹோமம் வளர்க்கும் கூடம் போன்ற இடங்களில் ஹீட் டிடெக்டரை மாட்டுவார்கள். இது புகை டிடெக்டரைவிடத் தாமதமாகத்தான் விழிக்கும். ஆகவே ஆட்கள் தூங்கும் அறைக்கு இது மட்டும் போதாது.

சரி, நேர் மேலே நெருப்பு இருந்தும் ஏன் அடிக்கவில்லை? அமெரிக்காவில் ரொனால்ட் ஆல்பர்ட் என்பவர் 1972-ல் ஒரு எளிய சமன்பாடு கொடுத்தார். நெருப்பின் திறனும் கூரையின் உயரமும் தெரிந்தால், கூரையடியில் காற்று எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போடலாம். ஹோமக் குண்டத்தை 20 கிலோவாட் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டு கீசர் பத்து ஒன்றாக ஓடுகிற மாதிரி. கூரை 5 மீட்டர் உயரம். விடை: குண்டத்துக்கு நேர் மேலே வெறும் எட்டு, ஒன்பது டிகிரிதான் ஏறும். நாலு மீட்டர் தள்ளிப்போனால் மூன்று டிகிரி. மேலே போகப்போக சூடான காற்று பக்கத்துக் காற்றையெல்லாம் இழுத்துக் கலந்துகொண்டு ஆறிவிடுகிறது. அதே மண்டபத்தில் மணமேடைத் துணி அலங்காரம் பற்றிக்கொண்டு 1000 கிலோவாட்டைத் தொட்டால், ஏற்றம் நூறு டிகிரியைத் தாண்டிவிடும்.

ஆகவே உங்கள் டிடெக்டர் ஹோமத்தைக் கண்டுகொள்ளாதது குற்றமில்லை. வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஹீட் டிடெக்டரில் இரண்டு சாதி. ஒன்று, குறிப்பிட்ட வெப்பநிலை வந்தால் அடிப்பது. பெரும்பாலும் 57 டிகிரி. பழைய வகையில் இதற்கு ஒரு பொட்டு உலோகக் கலவை இருக்கும். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் நான்கையும் சரியான அளவில் கலந்தால் 70 டிகிரியிலேயே உருகிவிடும்; வெந்நீரில் போட்டால் கரைகிற மாதிரி ஆகிவிடும். அளவை மாற்றினால் உருகும் புள்ளியும் மாறும். உங்கள் வீட்டுக் குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வும் இதே யோசனைதான். தண்ணீர் வற்றிச் சூடு எகிறினால் நடுவில் இருக்கும் கலவை உருகி வழிவிடும். ஒரு தடவை போனால் போனதுதான், கடையில் புதுசு வாங்க வேண்டும். உருகும் டிடெக்டரும் அப்படியே. இன்றைக்கு வருபவற்றில் அந்த இடத்தில் டெர்மிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏற ஏற மின்தடை குறையும், அவ்வளவுதான்.

இரண்டாவது சாதிதான் எனக்குப் பிடித்தது. எத்தனை டிகிரி என்று இது கேட்பதில்லை. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கேட்கும். நிமிடத்துக்கு 8 டிகிரிக்கு மேல் ஏறினால் அடிக்கும். தொழிலில் இருப்பவர்கள் ‘ரேட் ஆஃப் ரைஸ்’ என்பதைச் சுருக்கி ஆர்.ஓ.ஆர். என்பார்கள்.

இதை எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் எப்படிச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. வேகத்தை அளக்க வேண்டுமானால் கடிகாரம் வேண்டும், முந்தைய வெப்பநிலை ஞாபகம் இருக்க வேண்டும், கழித்தல் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு ஊசித் துளை செய்கிறது.

ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதற்குள் காற்றை அடைத்து, ஒரு பக்கத்தை மெல்லிய சவ்வால் மூடியிருக்கிறார்கள். சூடு பட்டால் உள்ளே இருக்கும் காற்று விரியும், சவ்வு உப்பும், உப்பிய சவ்வு ஒரு திருகாணியைத் தொட்டால் மின்சுற்று மூடிக்கொள்ளும். இத்தோடு விட்டிருந்தால் சித்திரை வெயிலில் தினமும் மத்தியானம் அலாரம் அடிக்கும். ஆகவே கிண்ணத்தில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை போட்டார்கள், அளந்து. குழாயடியில் ஓட்டை வாளியை வைத்த மாதிரி. குழாயை லேசாகத் திறந்தால் வருகிற தண்ணீரெல்லாம் ஓட்டை வழியே போய்விடும். நாள் முழுக்க வைத்தாலும் வாளி நிறையாது. முழுசாகத் திறந்தால் ஓட்டையால் ஈடுகொடுக்க முடியாது, நிறைந்து வழியும். காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை தகரக் கூரை 25 டிகிரி ஏறினாலும், விரிந்த காற்று நிதானமாகக் கசிந்துவிடும், சவ்வு அசையாது. தீ வந்தால் பத்து டிகிரி ஒரே நிமிடத்தில் வந்து சேரும்; கசியும் காற்றைவிட விரியும் காற்று அதிகம்; சவ்வு உப்பிவிடும்.

டெர்மிஸ்டர் வைத்தும் இதே வித்தையைச் செய்வார்கள். இரண்டு வைத்து, ஒன்றைக் காற்றில் நீட்டி, மற்றதை உள்ளே பொதிந்துவிடுவார்கள். மெல்லச் சூடானால் இரண்டும் சேர்ந்தே சூடாகும். வேகமாகச் சூடானால் வெளியே இருப்பது முந்திக்கொள்ளும், அந்த வித்தியாசம்தான் அலாரம். நிறைய டிடெக்டர்களில் இப்போது ஒரே டெர்மிஸ்டரும் ஒரு சிப்பும்தான். கழித்தலைச் சிப் செய்துவிடுகிறது. ஆனாலும் அந்த ஓட்டைக் கிண்ணத்தின் அழகு இதில் வராது, என்னைக் கேட்டால்.

வேகத்தைப் பார்ப்பதால் ஒரு சிக்கலும் உண்டு. ஹோட்டல் சமையலறையில் இட்லிக் கொப்பரைக்கு மேலே ஆர்.ஓ.ஆர். மாட்டிப் பாருங்கள். மூடியைத் திறந்ததும் எழும் ஆவி அதற்குத் தீதான். அங்கே வேகம் பார்க்காத, நிலையான வெப்பநிலை வகைதான் வேண்டும். அதிலும் கூரையடியில் வழக்கமாக ஏறும் உச்சத்தைவிடக் குறைந்தது 11 டிகிரி அதிகமாக இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். மே மாதத் தகரக் கொட்டகைக்கு 57 டிகிரி டிடெக்டர் வாங்கி மாட்டிவிட்டு, சும்மா சும்மா அடிக்கிறதே என்று வயரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. ரூர்க்கியில் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தீ ஆராய்ச்சி நடக்கிறது. விருதுநகர், கரூர் பக்கத்துக் கிடங்குகளின் தகரத்தடியில் ஒரு வருடம் தெர்மாமீட்டர் தொங்கவிட்டு அளக்க, உள்ளூர்ப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் என்ன? ராக்கெட்டுக்கு ஆகிற செலவு ஆகாது.

மாட்டும் இடத்துக்கும் இயற்பியல் உண்டு. மேலே மோதிய சூடான காற்று கூரையை ஒட்டி மெல்லிய போர்வை மாதிரி பரவும். அதன் தடிமன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மிகச் சூடான பகுதி அதைவிட மேலே, கூரையை ஒட்டினாற்போல் இருக்கும். அதனால்தான் பிரிட்டனின் தரநிலையான பிஎஸ் 5839, உணரும் முனை கூரையிலிருந்து 25 முதல் 150 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஃபால்ஸ் சீலிங் அழகு கெடும் என்று ஒரு முழம் கீழே தொங்கவிட்டால் போர்வைக்கு வெளியே போய்விடும். சுவரும் கூரையும் சேரும் மூலையிலும் வேண்டாம், அங்கே காற்று சரியாக எட்டிப்பார்க்காது. நம் நாட்டில் இந்த விவரங்களுக்கு ஐஎஸ் 2189 என்ற தரநிலை இருக்கிறது.

இப்போது பராமரிப்பு. மறுபடியும் துளைக்கே வருகிறேன். தூசியோ பெயின்ட்டோ துளையை அடைத்தால் டிடெக்டர் ஊமையாகும் என்றுதான் தோன்றும். நேர்மாறு! காற்று கசிய வழியில்லாமல் சாதாரண மத்தியான வெயிலுக்கே சவ்வு உப்பி, அடித்துக்கொண்டே இருக்கும். ஊமையாவது சவ்வு கிழிந்தால்தான். முதல் கோளாறு எல்லோரையும் எழுப்பிவிடும், மறுநாளே ஆள் வந்து பார்ப்பார். இரண்டாவது பத்து வருடம்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். அதனால்தான் சூடு காட்டிச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

டிடெக்டர்களெல்லாம் வந்து சேரும் அலாரம் பேனலில் ‘டெஸ்ட்’ போட்டு, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, ஹீட் கன்னையோ ஹேர் டிரையரையோ காட்டினால், ஒரு நிமிடத்துக்குள் சிவப்பு எல்.இ.டி. எரிய வேண்டும். பேனலில் சரியான இடத்தின் பெயரும் வர வேண்டும். உருகும் வகையிடம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்; சோதனையிலேயே அது செத்துவிடும். அமெரிக்க விதிப்படி அவற்றை 15 வருடத்தில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நூற்றுக்கு இரண்டைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் போன வருடம் நானே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கார் நிறுத்தும் தளத்தில் ஆறு டிடெக்டரில் நாலு அடிக்கவில்லை. காரணம் சவ்வும் இல்லை, சிப்பும் இல்லை. கட்டும்போது சிமென்ட் தூசி படாமல் இருக்க மாட்டிய ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் மூடியை யாரும் கழற்றவே இல்லை. பேனல் அறை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் புதுசாக மாறிக்கொண்டிருந்தது.

மதுரை நண்பருக்கு: மேடைக்கு மேலே இருப்பதை ஹேர் டிரையர் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள், எனக்கு அதில் பெரிய சந்தேகமில்லை. நீங்கள் அனுப்பிய படத்தின் இடது ஓரத்தில், சமையல்கட்டு வாசலுக்கு மேலே இன்னொரு டிடெக்டர் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அது வெள்ளையாக இல்லை, ஆரஞ்சாக இருக்கிறது. ஏணியை முதலில் அங்கே போடுங்கள்.