டைரி ஃபுல்லா இருந்தா வேலை ஏன் நகர மாட்டேங்குது

தீபாவளிக்கு இன்னும் 12 நாள் இருக்கும்போதே எங்க தெரு டெய்லர் அக்கா கடையில அட்டை தொங்க விட்டுட்டாங்க, "தீபாவளி ஆர்டர் முடிந்தது"ன்னு. நான் போன நேரம் அக்கா மெஷின்ல கூட இல்ல, டீ குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஒரே ஒரு ப்ளவுஸ்தானே அக்கா, உங்களுக்குத்தான் டைம் இருக்கேன்னு கேட்டேன். "டைம் இருக்கறதாலதான் கண்ணு வாங்கின துணிய சொன்ன தேதிக்கு குடுக்க முடியுது, இன்னும் நாலு எடுத்தேன்னா எடுத்த நாப்பதும் லேட்டாயிரும்"னாங்க. எனக்கு அன்னைக்கு கோவம்தான் வந்துச்சு, நாலு துணி சேர்ந்தா நாலு துணிக்குண்டான நேரம்தானே ஆகும், நாப்பதும் எப்படி லேட்டாகும்னு.

அக்கா சொன்னது கணக்குப்படி சரி. அது ஏன் சரின்னு புரிஞ்சுக்கிட்டப்பறம்தான் என் ஆபீஸ் நாள் ஏன் தினமும் மத்தியானத்துக்கு மேல சரிஞ்சு விழுதுன்னும் எனக்கு புரிஞ்சுது.

நான் திருப்பூர்ல மெர்ச்சண்டைசர், அதாவது துணி ஆர்டர் குடுக்கற பையருக்கும் எங்க ஃபேக்டரிக்கும் நடுவுல நின்னு வேலைய முடிச்சு வாங்கற ஆள். பையர்கிட்ட இருந்து மெயில் வரும், லேப் டிப் (கலர் சரியான்னு பாக்க சாயம் போட்ட சின்ன துணித் துண்டு) அனுப்பணும், சாம்பிள் ரூம்ல நின்னு அளவு பாக்கணும், டையிங்ல, அதாவது சாயம் போடற இடத்துல, லாட் எப்போ இறங்கும்னு கேக்கணும், நடுவுல ஷிப்மென்ட் பேப்பர். ரொம்ப நாளா நான் பண்ணினது என்னன்னா காலைல வந்ததும் டைரிய எடுத்து ஒன்பதரைல இருந்து ஆறரை வரைக்கும் அரைமணி அரைமணியா கோடு போட்டு எல்லா கட்டத்தையும் ரொப்பிருவேன், ஒரு கட்டம் காலியா இருந்தா கூட நேரத்த வீணாக்கறோம்னு மனசு உறுத்தும். பதினோரு மணிக்கு டையிங்ல இருந்து போன் வரும், ஷேடு சேரலன்னு. இருபது நிமிஷத்துல முடிய வேண்டிய பேச்சு ஒரு மணிநேரம் ஆகும். அதுக்கப்பறம் அன்னைக்கு எழுதின எதுவுமே எழுதின நேரத்துக்கு நடக்காது.

இத முதன்முதல்ல கணக்கா போட்டுப் பார்த்தவர் டென்மார்க்காரர் ஒருத்தர், அக்னர் எர்லாங். 1908ல கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில வேலைக்கு சேர்ந்தவரு. அப்போல்லாம் யாராவது போன் பண்ணினா எக்ஸ்சேஞ்சுல ஒரு ஆள் கையால வயர சொருகி லைன் குடுக்கணும். எத்தனை லைன் போட்டா, எத்தனை ஆள் வெச்சா ஜனங்க ரொம்ப நேரம் காத்திருக்காம பேசலாம்? இதுதான் அவர் முன்னாடி இருந்த கேள்வி. 1909ல முதல் கட்டுரை எழுதினாரு. இன்னைக்கு வரிசைக் கோட்பாடுன்னு சொல்ற கணித துறையே அங்க இருந்துதான் தொடங்குது. பேங்க் கவுன்டரு, டோல்கேட்டு, ஆஸ்பத்திரி ஓபி, நம்ம போன் டவர், எல்லாத்துக்கும் பின்னாடி இந்த கணக்குதான் ஓடுது. ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கற நாமளும் ஒரு கவுன்டர்தாங்க, வேலைங்க நம்ம முன்னாடி வரிசைல நிக்குது.

அந்த துறைல இருக்கறதுலயே எளிமையான ஒரு சூத்திரத்த மட்டும் பாப்போம். ஒரே ஆள், வேலை எப்போ வரும்னு தெரியாது, ஒவ்வொரு வேலையும் எவ்ளோ நேரம் இழுக்கும்னும் தெரியாது. அந்த ஆளோட நேரத்துல எவ்ளோ பங்கு வேலையால நிரம்பியிருக்குன்னு எடுத்துக்கணும், அத மீதியிருக்கற காலி பங்கால வகுக்கணும். வர்ற நம்பர சராசரி வேலை நேரத்தால பெருக்கினா, புதுசா வர்ற ஒரு வேலை நாம கைய வைக்கற வரைக்கும் சராசரியா எவ்ளோ நேரம் காத்துக் கிடக்கும்னு வந்துரும்.

ஒரு வேலைக்கு சராசரி அரை மணிநேரம்னு வெச்சுக்கங்க. நாள்ல பாதி நிரம்பியிருந்தா 50ஐ 50ஆல வகுத்தா 1, ஆக காத்திருப்பு அரை மணிநேரம். 80 சதவீதம் நிரம்பியிருந்தா 80க்கு 20, அதாவது 4 மடங்கு, 2 மணிநேரம். 90 சதவீதம்னா 9 மடங்கு, நாலரை மணிநேரம். 95 சதவீதம்னா 19 மடங்கு, ஒன்பதரை மணிநேரம்! எட்டு மணிநேர நாள்ல 90ல இருந்து 95க்கு போறதுன்னா நாம கூட ஏத்திக்கறது வெறும் 24 நிமிஷ வேலைதான், ஆனா எல்லா வேலையோட காத்திருப்பும் சராசரியா 5 மணிநேரம் கூடுது. பல நாள் இப்படியே ஓடினா வர்ற சராசரி இது, ஒரே நாள்ல இவ்ளோ தெரியாது. ஆனா நம்ம ஆபீஸ் வாழ்க்கை பல நாள்தானே. 100 சதவீதம்னா கீழ காலி பங்கு பூஜ்யம், கணக்குக்கு விடையே கிடையாது, வரிசை வளந்துக்கிட்டே போகும். என் டைரி தினமும் அந்த 100லதான் தொடங்கிக்கிட்டு இருந்துச்சு.

ஏன் இப்படி திடீர்னு எகிறுதுன்னா, லேட்டு சேர்ந்துக்கிட்டே போகும், மிச்சம் சேராது. பத்து மணி மீட்டிங் பத்து நிமிஷம் முன்னாடியே முடிஞ்சா பதினோரு மணி மீட்டிங் பத்து நிமிஷம் முன்னாடி ஆரம்பிக்குமா? ஆரம்பிக்காது, மத்தவங்க வரணும், அந்த பத்து நிமிஷம் கரைஞ்சு போயிரும். அதுவே பத்து நிமிஷம் லேட்டா முடிஞ்சா அடுத்தது தள்ளும், அது அதுக்கடுத்தத தள்ளும், நடுவுல ஒரு காலி இடம் வந்து அந்த லேட்ட விழுங்கற வரைக்கும் தள்ளிக்கிட்டே போகும். காலி இடமே இல்லாத நாள்ல விழுங்கறதுக்கு எதுவும் இல்ல, அதுதான் விஷயம். எதிர்பாராத வேலை ஒண்ணு வந்து விழுந்தா மோதாம இறங்கறதுக்கு தரை வேணும், அந்த தரைதான் காலி நேரம்.

1961ல ஜான் கிங்மன்ங்கற பிரிட்டிஷ் கணிதவியலாளர் இதோட இன்னொன்ன சேத்தாரு. நிரம்பின அளவு மட்டும் இல்ல, தாறுமாறும் முக்கியம். வேலை வர்ற நேரமும் வேலை முடியற நேரமும் எவ்ளோ ஏறி இறங்குதோ அவ்ளோ காத்திருப்பு பெருகும். டெய்லர் அக்காவுக்கு ஒரு சாதா ப்ளவுஸுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கைக்கே தெரியும், அதனால அவங்களால கொஞ்சம் நெருக்கமாவே ஆர்டர் எடுக்க முடியும். எனக்கு ஒரு போன் ரெண்டு நிமிஷமும் ஆகும், ரெண்டு மணிநேரமும் ஆகும். அப்போ என் நாள் அவங்க நாள விட இன்னும் காலியா இருக்கணும். நான் பண்ணிக்கிட்டு இருந்தது நேர் எதிர்.

அதுலயும் எவ்ளோ நேரம் ஆகும்னு நாம போடற கணக்கே தப்பா இருக்கும். டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லயே இந்த பழக்கத்துக்கு ஒரு பேரு வெச்சாங்க, திட்டமிடல் பிழைன்னு சொல்லலாம். 1994ல வெளிவந்த ஒரு ஆய்வுல கனடால கடைசி வருஷ சைக்காலஜி மாணவர்கள்கிட்ட உங்க ஆய்வேட்ட எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 33.9 நாள்னு சொன்னாங்க. எல்லாமே சொதப்பினா எவ்ளோ ஆகும்னு கேட்டதுக்கு 48.6 நாள். உண்மையில ஆனது 55.5 நாள். மோசமா போனாலும் இவ்ளோதான்னு யோசிச்சு சொன்ன நாளையும் தாண்டிருச்சு பாருங்க! இதுக்கு எனக்கு தெரிஞ்சு ஒரே வழி, இது எவ்ளோ நேரம் ஆகும்னு யோசிக்காம போன தடவை எவ்ளோ ஆச்சுன்னு பாக்கறது. நான் மூணு வாரம் ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பிச்ச நேரம் முடிச்ச நேரம் எழுதி வெச்சேன், சாம்பிள் அளவு பாக்கறதுக்கு அரைமணின்னு நான் எப்பவும் போடுவேன், அது ஒரு நாள் கூட அரைமணில முடியல.

அடுத்தது, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா தொட்டு வெக்கற பழக்கம். மூணு வேலை, ஒவ்வொண்ணும் ஒரு மணிநேரம். ஒண்ண முடிச்சு அடுத்தது எடுத்தா 60, 120, 180ஆவது நிமிஷத்துல முடியும், சராசரி 120. இருபது இருபது நிமிஷமா மாத்தி மாத்தி பண்ணினா 140, 160, 180ல முடியும், சராசரி 160. மொத்த உழைப்பு ஒண்ணுதான், கடைசி வேலை அதே நேரத்துலதான் முடியுது, ஆனா முதல் ரெண்டு பேரையும் சும்மா காக்க வெச்சிருக்கோம். இதுல மாறும்போது ஆகற சேதாரத்த நான் சேக்கவே இல்ல. அந்த சேதாரம் நிஜம், சோஃபி லெராய்ங்கற ஆய்வாளர் 2009ல காட்டினது என்னன்னா ஒரு வேலைய முடிக்காம அடுத்ததுக்கு போனா மனசுல ஒரு பகுதி பழைய வேலைலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால புது வேலை மோசமா போகும்னு. அவங்களே இன்னொருத்தரோட சேர்ந்து 2018ல இதுக்கு ஒரு மருந்தும் சொன்னாங்க, யாராவது நடுவுல கூப்பிட்டா எந்திரிக்கறதுக்கு முன்னாடி எங்க விட்டேன், திரும்ப வந்ததும் முதல்ல என்ன செய்யணும்னு சுருக்கமா எழுதிட்டு போகணும், அவ்ளோதான். நான் இப்போ டேபிள்ல ஒரு சின்ன நோட்டு அதுக்குன்னே வெச்சிருக்கேன், "காலர் அளவு வரைக்கும் பாத்தாச்சு, அடுத்து கை நீளம்"ன்னு ஒரு வரி, போன் பேசி முடிச்சு வந்தா நேரா கை நீளத்துல ஆரம்பிக்கலாம்.

டெய்லர் அக்காகிட்ட இதுக்கும் ஒரு வழி இருக்கு. தைக்க வேண்டிய துணிய அவங்க வாங்கின வரிசைல எடுக்க மாட்டாங்க, நூல் கலர் பாத்து அடுக்குவாங்க. மெரூன் எல்லாம் ஒரு கட்டு, பச்சை எல்லாம் ஒரு கட்டு. ஒரு தடவை பாபின் மாத்தினா அஞ்சு ப்ளவுஸ் முடியும். ஹுக் வெக்கறது எல்லாம் கடைசில மொத்தமா, லைட்டுக்கு கீழ உட்கார்ந்து. நான் மெயில அப்படித்தான் மாத்தினேன், காலைல ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு தடவை, அஞ்சு மணிக்கு ஒரு தடவை.

என் நேரம் என் கைல இல்லையே, மேனேஜர் குடுத்தா வாங்கித்தானே ஆகணும்னு நீங்க கேப்பீங்க. அது நியாயமான கேள்வி, இதுல பாதி பாரம் வேலை குடுக்கறவங்க மேலதான் இருக்கணும்னு நான் உறுதியா நம்பறேன். ஆனா அவங்ககிட்ட பேசறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 1961லயே ஜான் லிட்டில்ங்கறவர் நிரூபிச்சது, கைல கிடக்கற வேலைய ஒரு நாளைக்கு முடியற வேலையால வகுத்தா ஒரு வேலை சராசரியா எத்தனை நாள் கிடக்கும்னு வந்துரும். என்கிட்ட 40 ஸ்டைல், அதாவது 40 டிசைனோட வேலை, திறந்து கிடந்துச்சு, ஒரு நாளைக்கு 4 முடியுது, அப்போ 10 நாள். எங்க மேனேஜர்கிட்ட இத பேப்பர்ல எழுதி காமிச்சேன், சார், புதுசா எது குடுத்தாலும் நான் வாங்கிக்கறேன், ஆனா 40ல இருந்து எத நிறுத்தி வெக்கணும்னு நீங்க சொல்லுங்கன்னு. அவரு கொஞ்ச நேரம் பேப்பரயே பாத்துட்டு பதினோரு ஸ்டைல அடுத்த மாசத்துக்கு தள்ளினாரு. இப்போ டைரில பதினோரு மணில இருந்து பன்னெண்டு வரைக்கும் சாயங்காலம் அரைமணியும் எதுவும் எழுதறதில்ல, டையிங் போன் அந்த நேரத்துக்குள்ள வந்து விழுந்தா அங்கயே முடிஞ்சு போகுது.

அந்த தீபாவளி வாரம் வியாழக்கிழமை அக்கா மெஷின்ல பெல்ட் அறுந்துருச்சு. மெக்கானிக் வந்து மாத்தறதுக்கு மத்தியானம் மூணு ஆயிருச்சு. நான் ஆபீஸ் முடிஞ்சு வரும்போது கடைல லைட் எரிஞ்சுது, அக்கா கடைசி ப்ளவுஸுக்கு ஹுக் வெச்சுக்கிட்டு இருந்தாங்க, பக்கத்து வீட்டு பாட்டி ஸ்டூல்ல உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. சீட்டுல போட்டிருந்த தேதி அன்னைக்குதான்.