லாஜிக், தருக்கம், அளவையியல், ஏரணம்: எந்தச் சொல் எதைச் சுட்டுகிறது?

கல்லூரியில் நவீன லாஜிக்கைப் பாடமாக எடுக்கும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே நேரும் இடர்ப்பாடு பெரும்பாலும் குறியீடுகளால் வருவதன்று. பாடத்தின் பெயரோடு அவர் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் பொருளால் வருவது. ‘கதையில் லாஜிக் இல்லை’ என்று நாம் சொல்லும்போது, அது நம்பும்படி இல்லை, நடக்கக்கூடியதாக இல்லை என்றே கருதுகிறோம். அந்தப் பாடமோ எது நம்பத்தக்கது என்பதைக் கற்பிப்பதில்லை. எடுத்துக்கொண்ட கூற்றுகளிலிருந்து ஒரு முடிவு கட்டாயமாகப் பெறப்படுகிறதா என்ற ஒன்றை மட்டுமே அது ஆராய்கிறது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்க, நம்மிடம் உள்ள மூன்று தமிழ்ச் சொற்களின் வரலாறே நல்ல துணையாகும் என்பது என் கருத்து.

‘லாஜிக்’ என்பதன் மூலம் ‘லோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். சொல், பேச்சு, காரணம், கணக்கு, விகிதம் என அதற்குப் பொருள்கள் பல. திரட்டுதல், எண்ணுதல், சொல்லுதல் ஆகியவற்றைக் குறித்த வினையிலிருந்து அது பிறந்தது. இத்துறைக்கு அடித்தளமிட்ட அரிஸ்டாட்டில் இப்பெயரைத் தம் துறைக்கு இட்டவரல்லர்; அவர் பகுப்பாய்வு என்ற பொருள் தரும் சொல்லையே ஆண்டார். மெய்யியலின் ஒரு பிரிவுக்குப் பெயராக இச்சொல்லை நிலைநிறுத்தியவர்கள் ஸ்டோயிக்கர்கள் என்னும் கிரேக்க மெய்யியல் பள்ளியினர். அவர்களிடம் அது இலக்கணத்தையும் சொல்வன்மையையும் கூட உள்ளடக்கியிருந்தது. பரந்த பொருளில் தொடங்கி நூற்றாண்டுகளாகச் சுருங்கி வந்த சொல் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் பரவலாக வழங்கும் ‘தர்க்கம்’ அல்லது ‘தருக்கம்’ வடசொல். ஊகித்தல், எண்ணிப் பார்த்தல் என்பன அதன் வேரின் பொருள்கள். இந்திய மெய்யியல் பள்ளிகளுள் ஒன்றான நியாய மரபு எண்ணும் பதினாறு ஆய்வுப் பொருள்களில் தருக்கம் ஒன்று. ஆனால் அங்கே அது அறிவு தரும் கருவியாகக் கொள்ளப்படவில்லை. ‘மலையில் நெருப்பு இல்லையென்றால் புகையும் இருக்கலாகாதே’ என்று எதிர்நிலையை எடுத்துக்காட்டி, உண்மையான அனுமானத்துக்குத் துணைநிற்பதே அதன் வேலை. பின்னாளில் அப்பெயர் துறை முழுவதற்கும் ஆகியது; அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் என்னும் வடமொழி நூலை 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் தந்தபோது இவ்வழக்கு நன்கு ஊன்றியிருந்தது. இன்றைய பேச்சிலோ ‘வீண் தர்க்கம் வேண்டாம்’ என்றால் வாய்ச்சண்டை என்றே பொருள். எதிராளி என ஒருவர் இல்லாமல் தர்க்கம் நிகழாது என்ற எண்ணம் இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நவீன பாடத்தில் எதிராளி எவரும் இல்லை. ஆகவே துறைக்குப் பெயராக இதை ஆள எனக்கு மனம் ஒப்புவதில்லை.

‘அளவை’ வேறு வகையானது. ‘அள’ என்னும் வினையடியிலிருந்து வந்த இச்சொல், அளத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த ‘பிரமாணம்’ என்னும் வடசொல்லுக்கு நேரான ஆக்கம். ஓர் அறிவு சரியானதா என்று அளந்து காட்டும் கருவி என்பதே இரண்டின் பொருளும். மணிமேகலையின் 27ஆம் காதை காண்டல், கருதல், உவமம், ஆகமம் முதலாகப் பத்து அளவைகளை எண்ணுகிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பிறர் கூறும் அளவைகளையெல்லாம் எடுத்துரைத்து, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். இவற்றுள் கருதல், அதாவது அனுமானம், ஒன்றே இன்றைய லாஜிக்கோடு தொடர்புடையது. கண்ணால் காண்பதும் சான்றோர் உரையும் இன்று அறிவாராய்ச்சியியல் என்னும் வேறொரு துறையின் பொருள்கள்.

அப்படியிருந்தும் அளவையியல் என்ற பெயர் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்றே கருதுகிறேன். லோகோஸ் சுருங்கியதைப் போலவே அளவையும் சுருங்கலாம். சொல்லின் நடுவே உள்ள அளத்தல் என்ற கருத்து புதிய துறைக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. ஒரே முழக்கோல் துணியையும் மரத்தையும் அளப்பது போல, நவீன அளவையியல் வாதத்தின் பொருள் எதுவென்று பாராமல் அதன் வடிவத்தை மட்டும் அளக்கிறது. இலங்கையில் உயர்தர வகுப்புப் பாடம் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பெயரிலேயே கற்பிக்கப்படுவதால், இச்சொல்லுக்கு வகுப்பறை வழக்கின் வலிமையும் உண்டு. ‘ஏரணம்’ என்பதும் பழஞ்சொல்லே. கடல்கொண்டதாகச் சொல்லப்படும் நூல்வகைகளை அடுக்கும் பழைய தனிச்செய்யுள் ஒன்று அதையே முதலில் வைக்கிறது. இணையத்திலும் தனித்தமிழ் எழுத்திலும் அது பரவியிருக்கிறது. அன்றாட வழக்கில் வேறு பொருள் ஏறாத தூய்மை அதற்கு உண்டு என்றாலும், கேட்டவுடன் பொருள் விளங்காதது அதன் குறை.

வடிவத்தை மட்டும் அளப்பது என்றேன். புதுமை அனைத்தும் இங்கேதான் இருக்கிறது. மாணவர் இடறுவதும் இங்கேதான். மணிமேகலையின் 29ஆம் காதை பௌத்த அளவையை விளக்கும்போது, இம்மலை நெருப்புடைத்து என்பதைப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று) என்றும், புகையுடைமையை ஏது (காரணம்) என்றும், அடுக்களையைத் திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்றும் வகுக்கிறது. அடுக்களை என்ற எடுத்துக்காட்டு அங்கே அழகுக்காக வரவில்லை. புகையும் நெருப்பும் உலகில் உண்மையாகவே சேர்ந்திருக்கக் கண்டோம் என்பதற்கு அது சான்று. அம்மரபில் பொய்யான முற்கூற்றுகளை, அதாவது முடிவுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் கூற்றுகளை, உடைய அனுமானம் போலி. அது அனுமானமே ஆகாது. நவீன அளவையியல் இந்தப் பிணைப்பை அவிழ்த்துவிட்டது. ‘எல்லா மீன்களும் பறக்கும், திமிங்கிலம் ஒரு மீன், ஆகவே திமிங்கிலம் பறக்கும்’ என்ற வாதத்தில் மூன்று கூற்றும் பொய். ஆயினும் முதல் இரண்டும் உண்மையாக இருந்திருந்தால் மூன்றாவது பொய்யாக இருக்க வழியே இல்லை. எனவே வாதம் பழுதற்றது. இத்தன்மைக்கு ‘ஏற்புடைமை’ என்று எழுதுவோர் உண்டு. பறக்கும் திமிங்கிலத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்வதாக அது மாணவரை மயக்கும். ‘வாய்ப்பு’ என்ற சொல்லோ நிகழ்தகவோடு குழம்பும். ‘செல்லும் வாதம்’, ‘செல்லாத வாதம்’ என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. உண்மை, பொய் என்பவற்றைக் கூற்றுகளுக்கே ஒதுக்கிவிடலாம். முற்கூற்றுகளிலிருந்து முடிவு வருவதற்கு, உரையாசிரியர்கள் ஆண்ட ‘பெறப்படும்’ என்ற சொல்லை விடச் சிறந்த ஒன்றைத் தேட வேண்டியதில்லை. பழைய நூலில் பக்கப்போலி, ஏதுப்போலி என வரும் ‘போலி’யும் அப்படியே இன்றும் பயன்படும்.

‘நவீன’ என்ற அடைமொழி எக்காலத்தைக் குறிக்கிறது? ஆங்கிலக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் 1847இலும் 1854இலும் வெளியிட்ட நூல்களில் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதினார். எனினும் உண்மையான திருப்பம் 1879இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் கோட்லோப் ஃபிரேகெ வெளியிட்ட சிறு நூலில் நிகழ்ந்தது. ‘எல்லா’ என்பதற்குத் தனிக் குறி ஒன்றை அவர் வகுத்தார்; ‘சில’ என்பதை அக்குறியோடு மறுப்பைச் சேர்த்து எழுதினார். அதன் பயனை ஒரு தமிழ்த் தொடரிலேயே காட்டலாம். ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லை என்பதா, சிலர் வந்தார்கள் ஆனால் அனைவரும் வரவில்லை என்பதா? எழுத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. மறுப்பு ‘எல்லா’ என்பதன் உள்ளே நிற்கிறதா, வெளியே நின்று முழுவதையும் மறுக்கிறதா என்று ஃபிரேகெயின் குறிமுறையில் எழுதியவுடன் இரண்டும் வெவ்வேறு வாய்பாடுகளாகப் பிரிந்துவிடும். ‘எல்லா’, ‘சில’ என்பவற்றைக் காட்டும் இத்தகைய குறிகளை நான் ‘அளவுக்குறி’ என்று எழுதுகிறேன். துறையின் பெயரோடு வேர் ஒன்றாக இருப்பது கூடுதல் நன்மை.

‘எனில்’ என்ற சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். அன்றாடத் தமிழில் ‘மழை பெய்தால் தரை நனையும்’ என்பது காரணத்தையும் விளைவையும் இணைக்கிறது. பாடத்தில் ‘க எனில் ச’ என்பது, க உண்மையாகவும் ச பொய்யாகவும் இருக்கும் ஒரே நிலையில் மட்டும் பொய். க பொய்யாகிவிட்டால் முழுக்கூற்றும் உண்மையே. காரணத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதுபோல் ‘அல்லது’ என்பது இரண்டும் சேர்ந்து உண்மையாவதையும் அனுமதிக்கிறது.

மேல்வகுப்புக்குச் செல்பவருக்கு இன்னொரு சொற்சிக்கல் காத்திருக்கிறது. அளவையியலறிஞர் கூர்ட் கோடெல் 1930இல் வெளியிட்ட தேற்றம் ‘முழுமைத் தேற்றம்’ என்றும், 1931இல் வெளியிட்டது ‘முழுமையின்மைத் தேற்றம்’ என்றும் வழங்குவதால், அவர் ஓராண்டில் தம் முடிவை மாற்றிக்கொண்டார் என்று தோன்றும். அப்படியன்று. முன்னதில் முழுமை என்பது அனுமான விதிகளின் தன்மை: முதல்நிலை அளவையியலில் (‘எல்லா’, ‘சில’ என்பவற்றைத் தனிப்பொருள்களுக்கு மட்டும் ஆளும் அளவையியலில்) செல்லும் வாதம் ஒவ்வொன்றையும் அவ்விதிகளைக் கொண்டே நிறுவிவிட முடியும். பின்னதில் அது ஒரு கோட்பாட்டின் தன்மை: எண்கணிதத்துக்கு இயந்திரமுறையில் பட்டியலிடத்தக்க அடிகோள்களை (நிறுவாமலே எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுகளை) எவ்வளவு வகுத்தாலும், அவை முரணற்றவையாக இருக்கும்வரை, நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்று ஒன்று எஞ்சும். புதுச் சொல் ஆக்குவதை விட, ‘விதிகளின் முழுமை’, ‘கோட்பாட்டின் முழுமை’ என்று எதன் முழுமை என்பதையும் சேர்த்தெழுதுவதே தமிழில் இக்குழப்பத்தை நீக்கும் எளிய வழி.