முதிர்ச்சி நூலுக்கா, வாசகருக்கா?

'முதிர்ச்சியான உள்ளடக்கம்' என்ற தொடரை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சிங்கப்பூரில் பள்ளி நூலகம் பற்றிப் பெற்றோருக்கு வரும் சுற்றறிக்கையில் அது இருக்கிறது. ஆசிரியர்களுக்கான பயிலரங்கிலும் அதே தொடர்தான். 'முதிர்ச்சியான உள்ளடக்கம் கொண்ட நூல்களை இரவல் பெற ஆசிரியரின் ஒப்புதல் தேவை' என்று ஒரு வாக்கியம். பாலியல், வன்முறை, மரணம் போன்றவற்றைப் பேசும் நூல்களைத்தான் 'மெச்சூர் கன்டென்ட்' என்ற ஆங்கிலத் தொடரைப் பெயர்த்து இப்படிச் சொல்கிறார்கள். தமிழ் மட்டும் படிக்கும் ஒரு பாட்டி இதை வாசித்தால் என்ன நினைப்பார்? நல்ல கனமான, அனுபவம் தோய்ந்த நூல் போலிருக்கிறது என்றுதான். அப்படிப்பட்ட நூலைப் பேரன் படிக்க எதற்கு ஒப்புதல் என்று கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்து 'மெச்சூர்' லத்தீன் 'மாட்டூருஸ்' என்பதிலிருந்து வந்தது. பழுத்தது, உரிய காலத்தில் வந்தது என்று பொருள். பழத்துக்குச் சொன்னதை மனிதருக்கும் பிறகு கடன் பத்திரத்துக்கும் சொன்னார்கள். 'மெச்சூர்' வாசகருக்கான நூல் என்பதில் வாசகர் கழன்றுபோய், சொல் நூலின்மேல் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்திலேயே இது குழப்பிய சொல்தான். 1968-ல் அமெரிக்கத் திரைப்படத் தரநிலையில் 'எம்' என்ற எழுத்தை வைத்தார்கள். அது அதற்கு மேல்நிலையான 'ஆர்' என்பதைவிடக் கடுமையானது என்று பெற்றோர் பலர் எண்ணிக்கொண்டதால் 1970-ல் அந்த எழுத்தையே கைவிட்டார்கள். நம் ஊரில் திரைப்படங்களுக்கு 'எம்18' என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் பக்கத்தில் 18 என்ற எண் நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

தமிழில் 'முதிர்' என்பதற்கு முற்றுதல், மூப்படைதல் என்று பொருள். கதிர் முதிர்கிறது, வயது முதிர்கிறது, வங்கியில் போட்ட வைப்புத்தொகை முதிர்கிறது. முதியோர், முதுமொழி எல்லாம் இதன் உறவுகள். இந்தக் குடும்பத்துச் சொற்களை எழுத்தின்மேல் ஏற்றினால் அது பாராட்டாகிவிடும். 'அவருடைய எழுத்தில் முதிர்ச்சி தெரிகிறது' என்று மதிப்புரையில் எழுதுகிறோமே, அதுதான். எச்சரிக்கையாகச் சொல்ல நினைத்தது தமிழில் பரிந்துரையாக வந்து நிற்கிறது.

இது தவறு என்று ஒப்புக்கொள்பவர்களும் அடுத்து நீட்டுவது 'வயது வந்தோருக்கான நூல்' என்பதைத்தான். என் உண்மையான வழக்கு இதனோடுதான். வயது வந்தோர் வாக்குரிமை என்று சொல்லும்போது அது நல்ல, தெளிவான சொல். சட்டம் ஒரு வயதைக் குறித்திருக்கிறது, அதைத் தாண்டியவர் வயது வந்தவர். பள்ளி நூலகத்தில் அப்படிப்பட்டவர் யார்? ஆசிரியரும் நூலகரும்தான். உயர்நிலை 4-ல் படிக்கும் பதினாறு வயது மாணவி வயது வந்தவர் இல்லை. போரில் தாயை இழந்த சிறுவனின் கதையும், தோழியின் தற்கொலையை எதிர்கொள்ளும் பெண்ணின் கதையும் அந்த மாணவிக்காகவே வாங்கி வைக்கப்பட்டவை. அவற்றின் முதுகில் 'வயது வந்தோருக்கு' என்று ஒட்டினால், எந்த வாசகருக்காக வாங்கினோமோ அவரையே வெளியே நிறுத்துகிறோம்.

அதோடு முடியவில்லை. 'வயது வந்த' என்பதற்கும் 'வயதுக்கு வந்த' என்பதற்கும் இடையே இருப்பது ஒரே ஒரு வேற்றுமை உருபு. அந்த உருபு சேர்ந்தால் பெண் பூப்பெய்தியதைக் குறிக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நிறைந்த இடத்தில் இந்தச் சொல்லை வைத்தால் வகுப்பில் என்ன சிரிப்பு எழும் என்பது தமிழாசிரியர் எவருக்கும் தெரியும். அப்புறம் சினிமாச் சுவரொட்டி. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்ற வரியைப் பல காலம் சுவரொட்டிகளில் பார்த்துப் பழகிய நம் காதுக்கு, அது ஒரே ஒரு வகைப் படத்தைத்தான் நினைவூட்டும். போதைப் புழங்கியின் குடும்பத்தைப் பற்றிய நேர்மையான நாவலுக்கு அந்த வாடை எதற்கு?

'ஆபாச நூல்' என்று போட்டு உடைப்பவர்களும் உண்டு. வடமொழியில் 'ஆபாஸ' என்றால் தோற்றம், போலித் தோற்றம். மணிமேகலை தருக்கம் பேசும் இடத்தில் போலிக் காரணத்தைக் குறிக்கும் 'ஹேத்வாபாஸ' என்பதை 'ஏதுப்போலி' என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறது. பிறகு எப்படியோ நம் வழக்கில் அருவருப்பான காமத்துக்கு ஆகிவிட்டது அந்தச் சொல். அது தீர்ப்புச் சொல், வகைப்பாட்டுச் சொல் அன்று. 2014 ஜூலையில் தேசிய நூலக வாரியம் சிறுவர் பிரிவிலிருந்து மூன்று நூல்களை எடுத்தது நினைவிருக்கும். ஒன்று கூழாக்கப்பட்டுவிட்டது, மற்ற இரண்டும் பெரியவர் பிரிவுக்குப் போயின. வழக்கத்துக்கு மாறான குடும்பங்களைச் சொல்லும் சிறுவர் நூல்கள் அவை. அந்த முடிவைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அங்கே எழுந்த கேள்வி எந்த வயது வாசகருக்கு, எந்த அலமாரியில் என்பதுதான். ஆபாசம் என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

வாசகர், வாசகர் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நம் இலக்கணத்திலேயே ஆதாரம் இருக்கிறது. நூலின் முன்னுரையான பாயிரத்தில் இருக்கவேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் அடுக்குகிறது. 'நுதலிய பொருள்' அவற்றுள் ஒன்று. 'கேட்போர்' வேறொன்று. நூல் எதைப் பேசுகிறது என்பது ஒரு செய்தி, அதைக் கேட்க உரியவர் யார் என்பது இன்னொரு செய்தி. பவணந்தி முனிவர் தனித்தனியாக வைத்த இரண்டையும்தான் 'முதிர்ச்சியான உள்ளடக்கம்' ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

கேட்போரின் தகுதிக்குத் தமிழர் அன்றாடம் சொல்லும் சொல் பக்குவம். 'அவனுக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை' என்று சொல்லாத வீடு இல்லை. சைவ சித்தாந்தமும் மாணாக்கரின் பக்குவம் அறிந்தே உபதேசம் என்கிறது. வடமொழிச் சொல்தானே, முதிர்ச்சி தூய தமிழாயிற்றே என்பார்கள். தூய தமிழ் எனக்கும் வேண்டும். லைப்ரரி என்று நான் எழுதுவதில்லை. ஆனால் பொருளைத் தலைகீழாக்கும் தமிழ்ச் சொல்லைவிட, பொருளைச் சரியாகத் தரும் பழகிய சொல் மேல். பக்குவமடைதல் என்பதும் பூப்பைக் குறித்த வழக்குதான், மறுக்கவில்லை. அதனால்தான் சொல்லைத் தனியே விடாமல் 'வாசிப்புப் பக்குவம்' என்று சேர்த்துச் சொல்கிறேன். வாசிப்புப் பக்குவம் வேண்டும் நூல்கள். பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் கூச்சம் வராது.

நூலகருக்கு இது மட்டும் போதாது. சிராங்கூன் ரோட்டுக் கடையில் வாங்கும் சென்னைப் பதிப்புச் சிறுகதைத் தொகுதிகளின் அட்டையில் வயதுக் குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. பதினைந்து கதைகளில் பதினான்கு யாரும் படிக்கலாம், ஒன்றில் மட்டும் வன்புணர்வு வரும். அந்த ஒன்றுக்காக முழு நூலையும் பூட்டி வைப்பது பாவம். உள் அட்டையில் ஒரு சிறு தாளை ஒட்டி, 'வாசிப்புப் பக்குவம் வேண்டும். உயர்நிலை 3 முதல். ஒன்பதாம் கதையில் பாலியல் வன்முறை உண்டு' என்று எழுதிவிடலாம். பெற்றோர் கேட்டால் காட்டுவதற்கும் ஒன்று கையில் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இருக்கும் குறையும் இதுதான்: வாக்கியத்தை யார் படிக்கப்போகிறார் என்று கேட்பதில்லை. 2014-ல் லாவ் பா சாட் உணவு நிலையத்துக்கு வழிகாட்டும் பலகையில் 'சாட்' என்பதைச் சனிக்கிழமை என்று கொண்டு 'லாவ் பா சனி' ஆக்கினார்கள். அது கண்ணில் பட்ட உடனே பிடிபட்டது, திருத்தவும் பட்டது. 'முதிர்ச்சியான உள்ளடக்கம்' அப்படிப் பிடிபடாது. எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை, அகராதியைப் புரட்டினாலும் ஒவ்வொரு சொல்லும் சரியாகவே இருக்கும். ஆண்டுதோறும் அதே வரியை அடுத்த சுற்றறிக்கைக்கு எடுத்து ஒட்டுவார்கள். அடுத்த முறை அது மேசைக்கு வரும்போது, அச்சுக்குப் போகுமுன் பள்ளியின் தமிழாசிரியர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் காட்டுங்கள்.