ட்ரைலோபைட்: அந்த 'மூணு' எங்க இருக்கு, தமிழ்ல எப்படி சொல்லணும்

போன ஞாயித்துக்கிழமை காலையில பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில 40 வெள்ளி கொடுத்து ஒரு கல்லு வாங்கினேன், உள்ளங்கை அகலம்தான், நடுவுல மரவட்டை மாதிரி வரிவரியா ஒரு உருவம் அப்படியே பதிஞ்சு கிடக்கு, மொரோக்கோலேர்ந்து வந்ததுன்னு கடைக்கார அபாங் சொன்னார். வீட்டுக்கு வந்து பழைய டூத்பிரஷ்ஷால மண்ணை தேய்ச்சிட்டு இருக்கும்போது மக பக்கத்துல வந்து உக்காந்தா. தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு படிக்கிறா. "இதுக்கு பேரு என்னப்பா?"ன்னு கேட்டா, ட்ரைலோபைட், ரொம்ப காலத்துக்கு முன்னாடி கடல்ல வாழ்ந்து அழிஞ்ச உயிரு, இது கல்லா மாறின அதோட படிவம்னு சொன்னேன், "அது சரி, தமிழ்ல என்ன?"ன்னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல சொல்லை பிரிச்சு பாப்போம். 'ட்ரை'ன்னா கிரேக்கத்துல மூணு. 'லோபோஸ்'னா காதுல தொங்குற மடல், காய்கறியோட நெற்றுக்கும் அதே சொல்லுதான். கடைசில வர்ற 'ஐட்' கல்லுக்கும் கனிமத்துக்கும் பேர் வைக்கும்போது சேர்க்கிற வால். மொத்தமா, மூணு மடல் உள்ள கல்லு. இந்த பேரை 1771ல வச்சவர் யோஹான் வால்க்னு ஒரு ஜெர்மன்காரர். அதுக்கு முன்னாடி இது என்ன உயிருன்னே யாருக்கும் பிடிபடல. 1698ல வேல்ஸ்ல எட்வர்ட் லூயிட்ங்கிற ஆய்வாளர் இதை படமா வரைஞ்சு ஏதோ தட்டை மீனோட எலும்புன்னு எழுதினார், அப்புறம் வந்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் கல்லுப்பூச்சின்னு அர்த்தம் வர்ற ஒரு பேரை வச்சார். மீன்னு சொன்னதை விட பூச்சின்னு சொன்னது எவ்வளவோ கிட்ட, ஏன்னா இதுவும் பூச்சி, நண்டு, இறால், தேள் எல்லாம் சேர்ந்த அந்த பெரிய கூட்டத்தை சேர்ந்ததுதான்.

அந்த கூட்டத்துக்கு தமிழ்ல ஏற்கனவே அருமையான சொல் இருக்கு, கணுக்காலி. நிறைய பேர் கணுக்கால்னு நெனச்சு பாதத்துக்கு மேல இருக்கிற இடத்தோட முடிச்சு போட்டுக்கிறாங்க. பொங்கலுக்கு வாங்குற கரும்பை நெனச்சுக்குங்க, கரும்புல இருக்கிற கணு மாதிரி மூட்டு மூட்டா இருக்கிற கால், அதான் கணுக்காலி. அந்த கூட்டத்தோட ஆங்கிலப் பேரான ஆர்த்ரோபோடும் மூட்டுக்கால்னுதான் சொல்லுது. மூலச்சொல்லை விட நம்ம சொல்லு கண்ணு முன்னாடி படமே காட்டுதுன்னு எனக்கு தோணும்.

இப்ப ட்ரைலோபைட்டுக்கு வருவோம். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. என் மகளும் உடனே விரலை வச்சு தலை, உடம்பு, வால்னு மூணு எண்ணிட்டா. அந்த மூணும் உண்மையிலேயே இருக்கு, ஆனா பேர்ல வர்ற மூணு அது இல்ல. குறுக்கே பிரியுற மூணு துண்டு இல்ல, நீளவாக்குல ஓடுற மூணு பட்டை. அவ விரலை பிடிச்சு நகத்தை கல்லுல வச்சு ஒவ்வொரு வரியா மேலேர்ந்து கீழ இழுக்க சொன்னேன், ஒரு பள்ளம், அப்புறம் நடுவுல மேடு, அதுக்கு அந்தப்பக்கம் இன்னொரு பள்ளம். நடு மேடு ஒரு மடல், இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ரெண்டு தடவை நகத்தால இழுத்து பாத்துட்டு "ஆமாப்பா, நீட்டுக்கு இருக்கு"ன்னு சொன்னா.

அதனால முக்கூறுடலி, மூவுடற்பகுதி மாதிரி சொல்லு வச்சா வாசிக்கிறவங்க தலை, உடம்பு, வாலைத்தான் நெனைப்பாங்க. மூவிதழின்னு சொன்னா பூ ஞாபகம் வந்துரும். எனக்கு சரின்னு படுறது மும்மடலி. மும்மாரி, மும்முரசு மாதிரி மூன்று கூட மடல் சேர்ந்தா மும்மடல், அதை உடையது மும்மடலி. கிரேக்கத்துல காதுக்கு சொன்ன சொல்லுதான் இதுன்னா நம்மகிட்ட காது மடல் இருக்கு, நுரையீரலை பத்தி பேசும்போதும் மடல்னுதான் எழுதுறோம். அதை விட முக்கியமா தாழம்பூ மடலை பாருங்க, மடல்னாலே நீளவாக்குல இருக்கிற ஒண்ணுதான் மனசுல வரும். கேக்கிறவன் தப்பா எண்ண மாட்டான்.

இந்த உயிர் சாதாரணமா வாழ்ந்துட்டு போகல. கேம்பிரியன் காலத்துல, சுமார் 52 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல்ல வந்தது, 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி பெர்மியன் காலத்தோட முடிவுல நடந்த பேரழிவுலதான் அழிஞ்சுது. 20,000க்கு மேல இனங்கள் கண்டுபிடிச்சிருக்காங்க. கண்ணோட லென்ஸ் கால்சைட்ங்கிற கனிமத்தால ஆனது, நம்ம பத்துமலை சுண்ணாம்புப் பாறையிலயும் அதே கால்சைட்தான். ஆபத்து வந்தா பல இனங்கள் மரவட்டை மாதிரி சுருண்டுக்கும். நண்டு ஓடு கழட்டுற மாதிரி இதுவும் கழட்டும், அதனால நமக்கு கிடைக்கிற படிவங்கள்ல நிறைய செத்த உடம்பு இல்ல, கழட்டி போட்ட சட்டை.

மொரோக்கோ வரைக்கும் போகவும் வேணாம். நம்ம மலேசியாவுலயே லங்காவி பக்கத்துல புலாவ் லங்குன் தீவுல கிடைச்ச ஒரு மும்மடலிக்கு 1964ல கோபயாஷி, ஹமாடாங்கிற ரெண்டு ஜப்பான் ஆய்வாளர்கள் டால்மானிட்டினா மலாயென்சிஸ்னு பேர் வச்சாங்க. நம்ம மண்ணோட பேரு சுமார் 44 கோடி வருஷத்துக்கு முந்தின ஒரு கணுக்காலி மேல இருக்கு, அது தெரிஞ்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். நம்ம கடலோரத்துல மீன்காரங்க வலையில மாட்டுற பெலாங்காஸ், அதான் குதிரைலாட நண்டு, ஆணும் பெண்ணும் ஒட்டிக்கிட்டே போறதால மலாய்க்காரங்க பிரியாத ஜோடியை 'மாச்சாம் பெலாங்காஸ்'னு சொல்வாங்களே, அது. பாக்க மும்மடலி மாதிரியே இருக்கிறதால நேரடி வாரிசுன்னு பலர் நெனைக்கிறாங்க, உண்மையில குதிரைலாட நண்டுக்கு நெருங்கின சொந்தம் தேளும் சிலந்தியும்தான். ஆனா முட்டையிலேர்ந்து வெளிய வர்ற அதோட குஞ்சுக்கு, வால் முள்ளு இன்னும் நீளாத அந்த பருவத்துக்கு, ஆராய்ச்சியாளர்களே ட்ரைலோபைட் லார்வான்னுதான் பேர் வச்சிருக்காங்க. அதை தமிழ்ல மும்மடலி இளவுயிரின்னு எழுதலாம், படிவத்தை மும்மடலிப் படிவம், பலதை மும்மடலிகள். மக அந்த கல்லுக்கு கீழ ஒரு அட்டையில 'மும்மடலி, மொரோக்கோ'ன்னு எழுதி அலமாரியில வச்சிருக்கா.