திட்டத் தாளில் பிள்ளையின் வாக்கியம் எங்கே?

அன்று எங்கள் சிறப்புக் கல்விப் பள்ளியில், ஒரு மாணவனின் கல்வித் திட்டத்தை எழுதுவதற்காக அந்த அறையில் ஆறு பேர் கூடியிருந்தோம். வகுப்பாசிரியரான நான், பேச்சு சிகிச்சையாளர், தொழிற்பயிற்சி ஆசிரியர், அம்மா, அப்பா, பிறகு பதினைந்து வயதுப் பையன். நாற்பது நிமிடமும் அவனைப் பற்றித்தான் பேசினோம். அவன் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். “அவனுக்கு என்ன தெரியும் டீச்சர், நீங்களே பார்த்து எழுதிவிடுங்கள்” என்றார் அம்மா. எல்லாம் முடிந்த பிறகு தாளை அவன் பக்கம் திருப்பி, “சரிதானே?” என்று கேட்டேன். “சரி” என்றான். மாணவரின் ஒப்புதல் பெறப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அந்தச் ‘சரி’ இன்னும் என்னை உறுத்துகிறது. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு மூன்று வயதிலிருந்தே நாம் இணங்கக் கற்றுக்கொடுக்கிறோம். உட்கார் என்றால் உட்கார வேண்டும், கொடு என்றால் கொடுக்க வேண்டும். இணங்கினால் பாராட்டு, மறுத்தால் ‘நடத்தைப் பிரச்சினை’ என்று ஒரு குறிப்பு. பத்தாண்டு இப்படிப் பழக்கிவிட்டு, திடீரென்று ஒருநாள் உன் இலக்கு என்ன என்று கேட்டால் அவன் எங்கிருந்து சொல்வான்? வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளையின் ‘சரி’யை நான் இப்போதெல்லாம் ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்லை.

சிங்கப்பூரின் சிறப்புக் கல்விப் பள்ளிகளில் மாணவருக்குத் தனிநபர் கல்வித் திட்டம் உண்டு. 13 வயதிலிருந்து அதனுடன் பள்ளிக்குப் பிந்திய வாழ்க்கைக்கான மாற்றத் திட்டமும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் 18 வயதோடு படிப்பு முடிகிறது. தொழிற்சான்றிதழ் பயிற்சி தரும் சில பள்ளிகளில் 21 வரை போகலாம். ஆக, எங்கே வேலை, எங்கே தங்குவது, யாரோடு பழகுவது, பணத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற பெரிய கேள்விகளுக்கெல்லாம் கையில் இருப்பது ஐந்தாறு ஆண்டுகள்தான்.

இதில் சட்டமும் ஒன்று சொல்கிறது. பிள்ளைக்கு 21 வயது நிரம்பிவிட்டால், பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை நமக்கு இல்லை. தேவையென்றால் மனநலத் திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பொறுப்பாளராக நியமனம் பெற வேண்டும். இதைப் பெற்றோர் பலர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதே சட்டத்தின் முதல் பக்கங்களில் இருக்கும் இன்னொரு விதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். அவர் தாமே முடிவெடுக்க இயன்ற உதவிகள் அனைத்தையும் செய்து பார்க்காமல், அவரால் முடியாது என்று தீர்மானிக்கக்கூடாது. 2013இல் சிங்கப்பூர் உறுதிசெய்த உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையும், தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையும் அதற்குரிய உதவியும் பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது. அமெரிக்காவில், மாணவருக்கு 16 வயதாகும்போது நடப்பில் இருக்கும் திட்டத்திலேயே மாற்றத்துக்கான இலக்குகள் இடம்பெற வேண்டும், அதைப் பேசும் கூட்டத்துக்கு மாணவரை அழைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அழைத்து உட்கார வைப்பது எளிது. நான்கூட அன்று அந்தப் பையனை உட்கார வைத்திருந்தேன்.

மறு ஆண்டு அவனிடம் வேறு விதமாகத் தொடங்கினேன். கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே அவனுடைய ஒரு வாரத்தைப் படம் எடுத்தோம். பள்ளி, பயிற்சிக்கூடம், நீச்சல், உணவங்காடி நிலையம், வீடு, உறவினர்கள் எல்லாம் சேர்ந்து முப்பது படங்கள். மேசையில் மூன்று தட்டுகள்: ‘வேண்டும்’, ‘பரவாயில்லை’, ‘வேண்டாம்’. முதல் நாள் எல்லாப் படத்தையும் ‘வேண்டும்’ தட்டில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அதுதான் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறான். அதனால் ஒரு வாரம் ‘வேண்டாம்’ தட்டை மட்டும் வைத்துப் பழகினோம். அவனுக்குப் பிடிக்காத பாகற்காய், அவன் காதைப் பொத்திக்கொள்ளும் துளைக்கருவிச் சத்தம் என்று தொடங்கி, அந்தத் தட்டில் ஒன்றைப் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவன் நம்பும் வரை.

நான்காவது முறை அவன் ‘வேண்டாம்’ தட்டில் முதலில் போட்டது பயிற்சிக்கூடத்தில் பொட்டலம் கட்டும் படம். இரண்டாண்டாக நாங்கள் அவனுக்கு எழுதி வந்த முதன்மை இலக்கே அதுதான். ‘வேண்டும்’ தட்டில் ஒரே ஒரு படம் வைத்தான். பாட்டி வீட்டு வாசல். “பாட்டி வீடு. நான் மட்டும்” என்றான்.

கூட்டத்தில் அவன் அப்படிச் சொன்னபோது ஒரு சிக்கல் வந்தது. எங்கள் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடப்பவை, படிவமும் ஆங்கிலத்தில்தான். அவன் சொன்னதோ தமிழில். ஒருவர் அதைச் ‘சமூகத்தில் தன்னிச்சையாகப் பயணிக்கும் திறனை மேம்படுத்துதல்’ என்ற பொருளில் மொழிபெயர்த்து எழுதத் தொடங்கினார். தவறில்லாத மொழிபெயர்ப்புதான். ஆனால் அதில் பாட்டியும் இல்லை, ‘நான் மட்டும்’ என்பதும் இல்லை. அவன் சொன்ன நான்கு சொற்களைத் தமிழிலேயே மேலே எழுதிவிட்டு, அதற்குக் கீழே நம் அலுவல் மொழியை எழுதலாம் என்று கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து இதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

நம் குடும்பங்களில் இந்த மொழி விஷயத்தை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை ஒருகாலத்தில் தாராளமாக வழங்கப்பட்டது. இரு மொழி கேட்டு வளர்வது மதியிறுக்கமுள்ள (ஆட்டிசம்) பிள்ளையின் மொழி வளர்ச்சிக்குக் கேடு என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. அந்த அறிவுரையைக் கேட்டு நடந்த வீடுகளில் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளையோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். சொல்ல நினைப்பதை எடுத்துக் காட்ட இந்தப் பையன் வைத்திருந்த தொடர்பு அட்டைகளில் எல்லாம் ஆங்கிலமே இருந்தது, பாட்டிக்கு அதைப் படிக்கத் தெரியாது. தமிழிலும் அட்டை செய்து தர எங்கள் பேச்சு சிகிச்சையாளருக்கு ஒரு மதியம்தான் தேவைப்பட்டது. அவர் சீனர். சொற்களைப் பையனின் அப்பா எழுதிக் கொடுத்தார்.

வழக்கமான பள்ளிகளில் படிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சிறப்புத் தேவையுடைய மாணவர்களில் ஐந்தில் நால்வர் அங்கேதான் இருக்கிறார்கள். வாசிப்புக் குறைபாடுள்ள ஓர் உயர்நிலை மூன்று மாணவியை அவருடைய பெற்றோர் என்னிடம் அழைத்து வந்தார்கள். தேர்வில் அவருக்குக் கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அவரோ அதைப் பயன்படுத்தவே இல்லை. மகளுக்கு அலட்சியம் என்று அம்மா வருந்தினார். அவரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, மகளிடம் கேட்டேன். கூடுதல் நேரம் என்றால் தனி அறை, தனி அறை என்றால் தோழிகள் எங்கே போனாய் என்று கேட்பார்கள், என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றார். அவர் பெயரில் போடப்பட்ட ஏற்பாட்டை யாரும் அவரிடம் விளக்கியிருக்கவில்லை.

அவருக்கு அப்போது தேவைப்பட்டது தோழிகளிடம் சொல்வதற்கு ஒரு பதில். நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதை எழுதினோம், சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம். “எனக்கு எழுத்துகள் மெதுவாகத்தான் பிடிபடும், அதனால் நேரம் கூடக் கொடுக்கிறார்கள்.” அவ்வளவுதான். அதன் பிறகு தன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார்: எனக்கு எது நன்றாக வரும், எது சிரமம், ஆசிரியர் எப்படிச் சொன்னால் புரியும். அந்த அரைப் பக்கத்தைப் புதிய பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஆசிரியரிடமும் தாமே கொடுப்பது என்பது அவருடைய இலக்கு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் சிறப்புத் தேவையுள்ளோருக்கு ஆதரவு அலுவலகங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய் எனக்கு இது தேவை என்று மாணவர்தான் சொல்ல வேண்டும். அம்மா உடன் வந்து பேசும் காலம் அதோடு முடிந்துவிடுகிறது. பதினைந்து வயதில் சொல்லிப் பழகாத வாக்கியத்தைப் பதினேழில் யார் சொல்வார்கள்?

பெரிய ஆசைகளைச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. எம்ஆர்டி ரயில் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் பள்ளியில் நான் அடிக்கடி கேட்கும் பதில். உடனே பெரியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். சிரித்துத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பொட்டலம் கட்டும் பயிற்சியை எழுதிவிடுவோம், அல்லது அது நடக்காது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவோம். இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. ரயிலில் உனக்கு எது பிடிக்கும் என்று நான்கைந்து நாள் விடாமல் கேட்க வேண்டும். ஒருவனுக்குக் கதவு மூடும் ஓசை. ஒருவனுக்கு நிலையங்களின் வரிசை, ஒன்றுகூடப் பிசகாமல் ஒப்பிப்பான். இன்னொருவனுக்குச் சீருடை, எல்லாரும் தன்னிடம் வழி கேட்பார்கள் என்ற எண்ணம். வரிசை பிடித்தவன் நூலகத்தில் புத்தகங்களை எண்படி அடுக்கும் பயிற்சிக்குப் போனான், இன்றும் விருப்பத்தோடு செய்கிறான். வழி சொல்ல ஆசைப்பட்டவனுக்கு அதே வேலையைக் கொடுத்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டான். உடற்குறையுள்ளோரின் வேலை விகிதத்தை 2030க்குள் 40 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. பள்ளியின் கடைசி ஆண்டில் உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்போடு இணைந்து வேலைக்கு அனுப்பும் திட்டமும் நடக்கிறது. வேலை கிடைப்பதைப் போலவே அதில் நிலைப்பதும் முக்கியம். அதற்குப் பிள்ளையின் விருப்பம் என்னவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பேசவே பேசாத பிள்ளை என்ன செய்வான் என்று கேட்பீர்கள். அவனும் தினமும் தெரிவு செய்கிறான். எந்தப் பொருளை எத்தனை நேரம் கையில் வைத்திருக்கிறான், எந்த அறை வாசலில் கால் நிற்கிறது, யார் வந்தால் தோள் இறங்குகிறது என்று மூன்று வாரம் குறித்து வையுங்கள். வீட்டில் நீங்கள் குறித்ததையும் பள்ளியில் நாங்கள் குறித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கூட்டத்தில் அவன் சார்பில் பேச ஆதாரம் கிடைத்துவிடும். ஆசிரியர் சொன்னால் சரி என்று தமிழ்ப் பெற்றோர் தரும் மரியாதையை நான் மதிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மரியாதை வேண்டாம். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே பள்ளியிடம் கேளுங்கள்: என் பிள்ளையிடம் எப்படிக் கேட்டீர்கள், அவன் எதை வேண்டாம் என்றான்? கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் அவனுக்கே என்று கேட்டு வாங்குங்கள். படம் காட்டட்டும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிடட்டும், எழுந்து போகட்டும். அதன் பிறகு நாம் பேசலாம்.

பாட்டி வீட்டுக்குத் தனியாகப் போக விரும்பிய அந்தப் பையனின் பயணத்துக்கு ஏழு மாதம் ஆனது. ஒரே பஸ், பதினொரு நிறுத்தங்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு இரண்டு வரிசை பின்னால். பிறகு அவன் கீழ்த்தளத்தில், நான் மேல்தளத்தில். பிறகு அவன் இறங்கும் நிறுத்தத்தில் போய்க் காத்திருந்தேன். பயண அட்டையைத் தட்டுவது, மணியை அழுத்துவது எல்லாம் இரண்டே வாரத்தில் வந்துவிட்டன. கடினமாக இருந்தது ஒன்றுதான்: நிறுத்தம் தவறிப்போனால் என்ன செய்வது. வேண்டுமென்றே தவறவிட்டுப் பழகினோம். மூன்று முறை அழுதான், நான்காம் முறை உதவி அட்டையை எடுத்து ஓட்டுநரிடம் காட்டினான்.

தனியாகப் போகத் தொடங்கிச் சில மாதம் கழித்து அடுத்த கூட்டம் வந்தது. இப்போது முதல் ஐந்து நிமிடம் அவனுடையது. பாட்டி வீட்டு வரியைத் தன் பேனாவால் அடித்துவிட்டு, தட்டிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று பஸ், மற்றொன்று அம்மா. அம்மாவின் படத்தை ‘வேண்டாம்’ தட்டுக்கு நகர்த்தினான். எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வாடகை வண்டியில் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போய் வந்திருக்கிறார். அவனுக்கு அது முதல் வாரத்திலிருந்தே தெரியும்.

“அம்மா பின்னால் வர வேண்டாம்” என்று அவன் அப்பா அந்த வரியை எழுதினார். டிசம்பர் வரை நேரம் வேண்டும் என்று அம்மா கேட்டார். பையன் நாள்காட்டியை எடுத்துப் பார்த்து, நவம்பரில் விரலை வைத்தான். அதையும் எழுதிக்கொண்டோம்.